படுத்துக்கொண்ட பதினைந்து குதிரை

9.8.1998, ஞாயிறு

இன்றும் கிளம்பவில்லை. கயிற்றை இழுத்து இழுத்து வலது தோள் கழன்று விழுந்துவிடும் போலிருக்கிறது. வீட்டுப் பின்பக்கம் நீலத் தோங்கில், பெரிய பிளாஸ்டிக் பீப்பாயில், தண்ணீர் நிரப்பி, அதன் விளிம்பில் எஞ்சினை மாட்டி வைத்திருக்கிறேன். பதினைந்து குதிரைச் சக்தி என்று மேலே எழுதியிருக்கிறது. பதினைந்தும் படுத்துத் தூங்குகின்றன. ஒரு தும்மல்கூட இல்லை.

துணி காயப்போட வந்த திலகா கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். "அந்தச் சாமான் இன்னிக்காச்சும் வாயத் தொறக்குமா?" என்றாள். எஞ்சின் என்று சொல்லமாட்டாள். வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அது அவளுக்குச் சாமான்தான்.

மார்ச்சில் புக்கிட் ரம்பாய் தொழிற்சாலையில் ஆள்குறைப்பு என்று எங்களை அனுப்பினார்கள். அங்கே ஃபோர்க்லிஃப்ட் வண்டிகளைப் பழுது பார்த்தவன் நான். கொடுத்தனுப்பிய பணத்தில் எல்லாரும் குளிர்சாதனப் பெட்டி வாங்கினார்கள், நான் தஞ்சோங் கிளிங் மீனவர் பாக் மாட்டிடம் அவருடைய பழைய சம்பான் படகையும் எஞ்சினையும் வாங்கினேன். பட்டணத்தில் தூண்டில் பைத்தியங்கள் நிறைய. அவர்களைக் கடலுக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவருவதுதான் இனி என் தொழில்.

திலகாவின் அண்ணன் காந்தன் மச்சான் ஜொகூர் பாசிர் கூடாங்கில் கப்பல் பட்டறை மேற்பார்வையாளர். நவம்பர் ஒன்றிலிருந்து எனக்கு அங்கே ஒரு வேலை பிடித்து வைத்திருக்கிறார். திலகா கெடு போட்டுவிட்டாள். தீபாவளிக்குள் சம்பான் ஒழுங்காக ஓடி ஆட்களை ஏற்றினால் இங்கே இருக்கலாம். இல்லையென்றால் ஜொகூர். சரி என்று நானும் சொல்லிவிட்டேன். எஞ்சின் என்றால் என்ன? காற்று, எண்ணெய், நெருப்பு. மூன்றும் சரியாக இருந்தால் அது ஓடித்தான் ஆகவேண்டும், அதற்கு வேறு வழி கிடையாது.

ஜொகூருக்குப் போனால் வாரத்துக்கு ஒருநாள் வந்துபோகும் விருந்தாளி ஆகிவிடுவேன். என் பிள்ளைகளே எனக்குக் கோப்பி போட்டுக் கொடுத்து "பசியாறிட்டீங்களாப்பா" என்று கேட்பார்கள். எனக்கு அது வேண்டாம்.

12.8.1998, புதன்

கார்ப்ரேட்டரைக் கழற்றினேன். உள்ளே பெட்ரோல் இல்லை, பாகு இருந்தது. நோன்புப் பெருநாளைக்குப் பிறகு பாக் மாட் இதைத் தொடவே இல்லை போலிருக்கிறது. மாதக்கணக்கில் கிடந்த பெட்ரோல் காய்ந்து பழுப்பாக ஒட்டிக்கொண்டுவிட்டது. மின்கம்பியிலிருந்து ஒரு செம்பு இழையை உருவி, துளை துளையாக விட்டுக் குடைந்தேன். கடைசியில் தூக்கிப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தபோது எல்லாத் துளையிலும் வானம் தெரிந்தது. எவ்வளவு சந்தோஷம்!

பழைய பெட்ரோல்தான் வியாதி. நாளைக்கு ஓடும்.

13.8.1998, வியாழன்

ஓடவில்லை.

14.8.1998, வெள்ளி

எண்ணெய் வருகிறது, நெருப்பு வரவில்லை. புது ஸ்பார்க் பிளக் போட்டு, எஞ்சின் உடம்பில் ஒட்டவைத்து இழுத்துப் பார்த்தேன். பொறியே இல்லை. மேல்மூடியைக் கழற்றி ஒவ்வொரு கம்பியாகப் பின்தொடர்ந்தேன். எதுவும் அறுந்திருக்கவில்லை. பிறகு இவனுக்கு என்னதான் கேடு?

இரண்டு வீடு தள்ளி இருக்கும் பிச்சைமுத்து அண்ணன் வேலியில் சாய்ந்துகொண்டு பார்த்தார். டுரியான் துங்கால் பக்கம் ஒரே ரப்பர் தோட்டத்து ஆட்கள் நாங்கள். இப்போது அவர் ஒரு தொழிற்சாலையில் ஜாகா, வாசல் காவல். "தம்பி, பால்மரம் வெட்டுன வம்சம்லா நாம. நமக்கு ஏன் தம்பி கடலு?" என்றார். "அண்ணே, அப்ப ஜாகா வேல மட்டும் நம்ம வம்சத்துல இருந்துச்சா?" என்றேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார். நல்ல மனிதர்தான், வாய்தான் கொஞ்சம்.

15.8.1998, சனி

எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் ஓடிவிட்டது!

பாக் மாட் வந்தார். எஞ்சினைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "சிவப்புக் கயிறு எங்கே?" என்று மலாயில் கேட்டார். எந்தச் சிவப்புக் கயிறு? அவர் தன் மணிக்கட்டைத் தொட்டுக் காட்டினார். அப்போதுதான் உறைத்தது. எஞ்சினோடு சுருள் சுருளாக ஒரு சிவப்புக் கயிறும் நுனியில் ஒரு பிளாஸ்டிக் கிளிப்பும் கொடுத்திருந்தார். ஓட்டுகிறவன் அதைக் கையில் மாட்டிக்கொள்ளவேண்டும். தண்ணீரில் விழுந்தால் கிளிப் பிடுங்கிக்கொண்டு வந்து எஞ்சின் நின்றுவிடும். கிளிப் இடத்தில் இல்லையென்றால் நெருப்பே வராது. நான் அதை என்ன செய்தேன்? அழகாக இருக்கிறதே என்று வீட்டுச் சாவியைக் கோத்து வரவேற்பறை ஆணியில் மாட்டி வைத்திருந்தேன்.

கிளிப்பைச் செருகினேன். மூன்றாவது இழுப்பில் பதினைந்து குதிரையும் எழுந்துகொண்டன. தோங்குத் தண்ணீர் பொங்கி வழிந்தது, புகை கொடியில் காய்ந்த சேலைகளையெல்லாம் மூடிவிட்டது. திட்டுவதற்காகத்தான் திலகா ஓடிவந்தாள். ஆனால் திட்டவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகம் மலர்ந்த மாதிரி எனக்குப் பட்டது. அல்லது புகை கண்ணில் பட்டிருக்கும்.

பெட்ரோல் ஊற்றிய தண்ணீர்ப் போத்தலை மேலே கட்டித் தொங்கவிட்டிருந்தேன். அது தீரும்வரை எஞ்சின் ஓடியது. நானே போய் நிறுத்தவேண்டியிருக்கவில்லை.

28.8.1998, வெள்ளி

இன்று சம்பானைக் கடலில் இறக்கினோம். முதலில் பூசை. தேங்காய் உடைத்தோம், சூடம் காட்டினோம். சம்பானின் முகப்பிலும், எஞ்சின் தலையிலும், எஞ்சினுக்குக் குழாய் வழியாகப் பெட்ரோல் கொடுக்கும் சிவப்பு எண்ணெய்த்தொட்டியின் மூடியிலும் நானே சந்தனம் குழைத்துக் குங்குமம் வைத்தேன். புது மோட்டார் சைக்கிளுக்கு வைக்கிற மாதிரிதான். பாக் மாட்டும் அவர் கூட்டாளிகளும் தள்ளி நின்று மரியாதையாகப் பார்த்தார்கள். தேங்காய்ச் சில்லைக் கேட்டு வாங்கிக் கடித்தார்கள்.

பிச்சைமுத்து அண்ணன் எலுமிச்சையும் மிளகாயும் கோத்துக் கொண்டுவந்திருந்தார், எஞ்சினில் கட்டவேண்டுமாம். நான் விடவில்லை. "சாமி கும்பிட்டாச்சு அண்ணே, ஒரு நாளு போதும். இனிமே ஸ்பேனர் பாத்துக்கும். தினம் தினம் சந்தனம் வச்சா பிஸ்டன் ஓடிடுமா?" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். திலகா தட்டை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

பிறகு ஓட்டினேன். புலாவ் உப்பே தீவு பக்கம்வரை போய்த் திரும்பி வந்தேன், ஒரு தடுமாற்றம் இல்லை. தோட்டத்தில் பிறந்தவன், குளத்தில்கூட நீந்திப் பழகாதவன், கடலில் தனியாக எஞ்சின் பிடித்துக்கொண்டு போகிறேன். வாய்விட்டுப் பாடினேன். கேட்க யாரும் இல்லாதது என் குரலுக்கு நல்லது.

எஞ்சினைப் பாக் மாட்டின் பொண்டோக் குடிசையில் வைத்துப் பூட்டிவிட்டு வரலாம். எண்ணெய்த்தொட்டியை மட்டும் தினமும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவதாக முடிவு. பெட்ரோல் வைத்த இடத்தில் இருக்காது அங்கே.

5.9.1998, சனி

முதல் ஆட்கள்! தூண்டில் கடைத் தவுக்கே, அதாவது முதலாளி, இரண்டு பேரை அனுப்பினார். சீனர்கள், அப்பாவும் மகனும். ஒரு பெரிய திருக்கையைப் பிடித்துக்கொண்டு ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக் கொண்டார்கள். அடுத்த சனிக்கிழமையும் வருகிறோம் என்றார்கள்.

திரும்பும்போது கரைக்குக் கொஞ்சம் முன்னால் எஞ்சின் இழுக்கமுடியாமல் இழுத்து நின்றது. மூடியைத் திறந்து பார்த்தேன், பெட்ரோல் இருந்தது. மூடிவிட்டுக் கயிற்றை இழுத்தேன். உடனே கிளம்பிவிட்டது. விசிறியில் ஏதாவது குப்பை மாட்டியிருக்கும்.

11.9.1998, வெள்ளி

தனியாக ஓட்டிப் பார்க்கப் போனேன். இரண்டு முறை நின்றது. நின்றதும் கார்ப்ரேட்டரைப் பார்க்கிறேன், பிளக்கைப் பார்க்கிறேன், பெட்ரோலைப் பார்க்கிறேன். எல்லாம் சரியாக இருக்கிறது. சிகரெட் ஒன்று பிடித்துவிட்டுக் கயிற்றை இழுத்தால் ஓடுகிறது. ஆக, ஆறினால் ஓடுகிறது, சூடானால் நிற்கிறது. சூட்டில் படுத்துக்கொள்வது, பிளக்குக்கு நெருப்பு அனுப்புகிற காயில்தான். ஃபோர்க்லிஃப்டில் இதை எத்தனை முறை பார்த்திருக்கிறேன். கண்டுபிடித்துவிட்டேன், இனி மாற்றவேண்டியதுதான் பாக்கி.

ஒன்று சொல்லவேண்டும். பூசை அன்று தொட்டி மூடியில் வைத்த பொட்டு இன்னும் அப்படியே இருக்கிறது. கடல் தண்ணீர் தெறித்தும் போகவில்லை. எஞ்சினில் வைத்தது அன்றைக்கே கரைந்துவிட்டது. திலகா எந்தக் கடையில் அந்தச் சந்தனம் வாங்கினாளோ, நல்ல சரக்கு.

12.9.1998, சனி

தவுக்கேயிடம் சொல்லி அப்பாவையும் மகனையும் அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைத்தேன்.

17.9.1998, வியாழன்

புரட்டாசி பிறந்துவிட்டது. வீட்டில் மீன், கோழி, முட்டை எதுவும் கிடையாது. மீன் பிடிக்கிற சம்பான் வைத்திருப்பவன் வீட்டில் பூசணிக்காய்க் குழம்பு. "ஆளுங்கள ஏத்திக்கிட்டுப் போங்க, வாங்க. மீனு இந்த வாசப்படியத் தாண்டக்கூடாது, தீபாவளி வரைக்கும்," என்று திலகா சட்டம் போட்டுவிட்டாள். சட்டையை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டுமாம். சரி தாயே.

காயில் கிடைத்துவிட்டது. உடைத்த எஞ்சினிலிருந்து எடுத்தது, பட்டணத்தில் ஒரு பட்டறைக்காரன் கொடுத்தான். நாளை மாட்டுகிறேன்.

19.9.1998, சனி

காயிலை மாற்றிய பிறகு முன்னைவிடச் சீக்கிரமாக நிற்கிறது! இது என்ன நியாயம்? முதல் நாள் தீவு வரைக்கும் ஓடியவன். பிறகு பாதி வழி. இன்று துறையைவிட்டுக் கொஞ்ச தூரம் போனதும் படுத்துக்கொண்டான். ஒவ்வொரு வாரமும் ஓட்டம் குறைகிறது. வியாதி முற்றுகிறதே தவிரக் குறையவில்லை.

பயப்படவில்லை. எரிச்சலாக இருக்கிறது, அவ்வளவுதான். அப்பா மகனிடம் மறுபடியும் ஒரு வாரம் தவணை கேட்டேன்.

26.9.1998, சனி

மானம் போச்சு.

காலையில் துறையில் கட்டிவைத்து ஓட்டிப் பார்த்தேன், இடையில் நிறுத்தி நிறுத்திப் பெட்ரோலைப் பார்த்துக்கொண்டேன், நன்றாகவே ஓடினான். அந்தத் தைரியத்தில் அந்த அப்பாவையும் மகனையும் ஏற்றிக்கொண்டு போனேன். கப்பல்கள் போகிற பக்கமாகக் கொஞ்சம் தள்ளிப் போயிருப்போம், நின்றுவிட்டான். இழுக்கிறேன், இழுக்கிறேன், உயிரே இல்லை. பெரியவர் மிதவைச் சட்டையின் வாரை இறுக்கிக் கட்டிக்கொண்டார். அதைப் பார்த்ததும் எனக்குப் பயம் பிடித்துவிட்டது, கயிற்றை மட்டும் விடாமல் இழுத்தேன். பையன் வாந்தி எடுத்தான். நீரோட்டம் எங்களை இழுத்துக்கொண்டு போகிறது. அட பாவி, ஓடித் தொலையேண்டா, உனக்கு நான் என்ன கொற வச்சேன்?

தூரத்தில் வலை போட்டுக்கொண்டிருந்த பாக் மாட் பார்த்துவிட்டு வந்து கயிறு கட்டி இழுத்துப்போனார். துறை முழுக்க வேடிக்கை. தவுக்கே அதட்டவில்லை, அதுதான் இன்னும் சுட்டது. "புவன், எஞ்சின் நல்லான பிறகு வா. அதுவரை யாரையும் அனுப்பமாட்டேன்," என்றார். சரிதான். நானாக இருந்தாலும் அனுப்பமாட்டேன்.

27.9.1998, ஞாயிறு

பிச்சைமுத்து அண்ணன்: "கண்ணு தம்பி. ஊரே பாத்துச்சுல்ல, நீ பாட்டுப் பாடிக்கிட்டுப் போனத. அன்னிக்கே கட்டவுட்டிருந்தா இது நடக்குமா?" நான் பாடியது கரைவரை கேட்டிருக்கிறது என்று இன்றுதான் தெரிந்தது.

சாயங்காலம் திலகா பாசார் மாலாம் இரவுச் சந்தையிலிருந்து ஒரு பெரிய நீலப் பை வாங்கி வந்தாள். சக்கரம் வைத்தது. கூடத்தில் வைத்துவிட்டு, "ஜொகூருக்குப் போறதுனா நல்ல பையி வேணும்ல. பழசு ஜிப்பு போயிருச்சு," என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். போன வாரமே என் சட்டைகளைத் தேய்த்து அடுக்கத் தொடங்கிவிட்டாள்.

தீபாவளிக்கு இன்னும் நாள் இருக்கிறது. கெடு முடிவதற்குள்ளேயே பை வாங்கிவிட்டாளே. என்னை அனுப்பிவைப்பதில் இவளுக்கு இவ்வளவு அவசரமா? நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் சண்டையாகிவிடும். ஆனால் மனசு கசந்துபோய்விட்டது. இந்த எஞ்சின்கூட எனக்கு அவ்வளவு வலியைக் கொடுக்கவில்லை.

2.10.1998, வெள்ளி

சம்பானைத் தொடாமல் இத்தனை நாள் சும்மா உட்கார்ந்து யோசித்தேன். தொழிற்சாலையில் பெரிய வண்டி மக்கர் பண்ணினால் அப்படித்தான் செய்வேன். ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு வண்டியோடு கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டு உட்காருவேன்.

தோங்கில் மாட்டி ஓட்டியபோது ஒருநாளும் நிற்கவில்லை. கடலில் நிற்கிறது. அங்கே இல்லாதது இங்கே என்ன இருக்கிறது? உப்புத் தண்ணீர். அது கெடுக்க வருஷமாகும். பாரம். பாரத்துக்கு எஞ்சின் முனகும், சாகாது. வேறு? வேறு என்ன?

போத்தல்! தோங்கில் பெட்ரோல் போத்தலிலிருந்து வந்தது. கடலில் தொட்டியிலிருந்து வருகிறது. போத்தலுக்கு நான் மூடி போடவே இல்லை.

காற்று, எண்ணெய், நெருப்பு என்று மூச்சுக்கு மூச்சு சொன்னவன், எஞ்சினுக்கு மட்டும்தான் காற்று வேண்டும் என்று நினைத்துவிட்டேன். தொட்டிக்கும் மூச்சு வேண்டுமே! பெட்ரோல் வெளியே போகப்போக அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வராவிட்டால் எஞ்சின் எதை உறிஞ்சும்? நின்றவுடன் நான் மூடியைத் திறந்து பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்கிறேன். திறந்ததும் காற்று உள்ளே போய்விடுகிறது. மூடிவிட்டு இழுத்தால் ஓடாமல் என்ன செய்யும்? சிகரெட்டும் இல்லை, சூடும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஒவ்வொரு தடவையும் என் கையாலேயே வியாதியைத் தீர்த்துவிட்டு, வியாதி எங்கே எங்கே என்று தேடியிருக்கிறேன். போன சனிக்கிழமை பயத்தில் மூடியைத் திறக்கவே மறந்துபோனேன். அதனால்தான் அவன் எழுந்திருக்கவே இல்லை.

விடியட்டும். நாளை உன்னைப் பிடிக்கிறேன்.

3.10.1998, சனி

பிடித்துவிட்டேன். ஆனால் நான் பிடித்தது வேறு ஒன்று. கோவையாக எழுத வருகிறதா பார்க்கிறேன்.

சம்பானைத் துறையிலேயே கட்டிவைத்து எஞ்சினை ஓடவிட்டேன். எஞ்சினைப் பார்க்கவே இல்லை, தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் அதன் இரண்டு பக்கமும் பல் போன கிழவன் கன்னம் மாதிரி உள்ளே ஒடுங்க ஆரம்பித்தது. குழாயில் இருக்கும் ரப்பர் பந்து சப்பையாகிவிட்டது. எஞ்சின் இழுத்து நின்றது. மூடியைத் திருகினேன். உஸ்ஸென்று காற்று உள்ளே பாய்ந்தது. கன்னம் பொம்மென்று நிமிர்ந்தது. பொண்டோக்கில் வலை தைத்துக்கொண்டிருந்த பாக் மாட் தலையைத் தூக்கிப் பார்க்குமளவுக்குக் கத்தினேன்.

மூடியின் நடுவில் மூச்சு விடுவதற்கென்று ஓர் ஊசித்துளை உண்டு. தேடினேன். காணோம். அந்த இடத்தில் பொட்டு இருந்தது. நான் பூசை அன்று வைத்த சந்தனம். நானே என் தொட்டியின் மூக்கை அடைத்திருக்கிறேன் என்று எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஸ்குரூடிரைவரால் நெம்பினேன்.

பொட்டு ஒரு பொத்தான் கனத்துக்குப் பெயர்ந்து வந்தது. நான் வைத்தது விரலால் ஒரு தீற்றல். இது எப்படி இத்தனை கனம்? விளிம்பைப் பார்த்தேன். மஞ்சள், சிவப்பு, மஞ்சள், சிவப்பு. சந்தனத்தின் மேல் குங்குமம், அதன் மேல் மறுபடியும் சந்தனம். படை படையாக இருந்தது. மேலே இருந்த சந்தனம் இன்னும் ஈரமாக இருந்தது, என் விரலில் ஒட்டியது. வாசனைகூடப் போகவில்லை. இன்று காலையில் வைத்தது.

தொட்டி வீட்டில் பின்வாசல் கூரைக்கடியில், காஸ் தோம்பு சிலிண்டருக்குப் பக்கத்தில் இருக்கும். எனக்கு முன்னால் எழுந்து, குளித்து, வாசல்நிலைக்கும் அடுப்புக்கும் பொட்டு வைக்கிறவள் யார்? எங்கள் வீட்டில் வேறு யார் இதைச் செய்வார்கள்?

அப்படியே சம்பானில் உட்கார்ந்துவிட்டேன். தினம் தினம் சந்தனம் வைத்தால் பிஸ்டன் ஓடுமா என்று ஊர் கேட்கக் கேலி பேசியவன் நான். அதைக் கேட்டுக்கொண்டே தட்டை எடுத்துவைத்தவள், மறுநாளிலிருந்து எனக்குத் தெரியாமல் வைத்திருக்கிறாள். நான் முகம் சுளித்துக்கொண்டு வந்த நாட்களில் இன்னும் கொஞ்சம் அப்பியிருக்கிறாள். ஓட்டம் குறையக்குறைய அவள் வேண்டுதல் கூடியிருக்கிறது. வேண்டுதல் கூடக்கூட ஓட்டம் குறைந்திருக்கிறது! சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தேன். பாக் மாட் பார்த்துவிட்டு மரியாதையாக வலைப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

துளையைச் செம்பு இழையால் சுத்தம் செய்து மூடினேன். தீவுவரை ஒரே மூச்சாகப் போய்வந்தேன். இந்த முறை பாடவில்லை.

வீட்டுக்கு வந்தால் அவள் என் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நீலப் பை பக்கத்தில் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது.

"மூடியில பொட்டு வச்சது நீதானே?"

"எந்த மூடி?"

"திலகா."

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "ஆமா. நாந்தான் வச்சேன். இப்ப என்ன அதுக்கு? அதுக்கும் ஊரக் கூட்டிவச்சுச் சிரிக்கப் போறீங்களா?"

"நீதானே போகச் சொன்ன? பையெல்லாம் வாங்கி வச்ச?"

"சொன்னேன். அண்ணன் அவ்ளோ கஷ்டப்பட்டு வேல பாத்து வச்சிருக்காரு, வேணாம்னு எந்த வாயால சொல்றது? நீங்களும் அந்தச் சாமானோட மல்லுக்கட்டி ஒவ்வொரு நாளும் மூஞ்சி செத்துப்போய் வர்றீங்க. இருந்துருங்கன்னு நான் சொல்லி, அது ஓடாமப் போச்சுன்னா, என்னாலதான்னு ஆயிரும். அதான் ஒங்ககிட்ட சொல்லாம சாமிகிட்ட சொன்னேன்." சட்டைக் காலரைத் திருப்பித் திருப்பித் தேய்த்தாள். அந்தக் காலர் ஏற்கெனவே தேய்த்தது.

"ஓடிருச்சு," என்றேன். "தீவு வரைக்கும் போய்ட்டு வந்துட்டேன்."

"நெசமா? என்னா கோளாறாம்?"

என்ன சொல்வேன்? "குழாயில அடைப்பு," என்றேன்.

"எதனால?"

"தூசி."

அவள் உள்ளே சாமி அறைப் பக்கம் திரும்பி, கண்ணை மூடிக் கும்பிட்டாள். கும்பிடட்டும். அப்புறம் மெதுவாகச் சொன்னேன், "பொட்டு வைக்கிறத வை. ஆனா மூடியில வேணாம், பெட்ரோல் பட்டு அழிஞ்சு போவுது. தொட்டிக்குப் பக்கவாட்டுல வை." சரி என்றாள்.

பொய்தான். வாழ்நாள் முழுக்க இந்தப் பொய்யைக் காப்பாற்றுவேன். இவ்வளவு ஆசையாக வைத்த பொட்டைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற என்னால் முடியாது.

10.10.1998, சனி

தவுக்கேயைச் சம்பானில் ஏற்றி முழுக் காலையும் சுற்றிக் காட்டினேன். இறங்கும்போது, "நாளைக்கு மூன்று பேர் இருக்கிறார்கள், எடுத்துக்கொள்கிறாயா?" என்றார்.

17.10.1998, சனி

அப்பாவும் மகனும் திரும்பி வந்தார்கள்! நான்தான் போய்க் கூப்பிட்டேன். பையன் ஏறும்போதே மிதவைச் சட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டான். திரும்பி வரும்போது கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தூங்கிப்போனான். நான் அதட்டி மறுபடியும் மாட்டவைத்தேன்.

காந்தன் மச்சானுக்குப் போன் போட்டு நானே சொல்லிவிட்டேன். கொஞ்சம் கோபம்தான். "மீன் அனுப்பி வைங்க மாப்ள," என்று முடித்தார். கோபம் போய்விடும்.

பிச்சைமுத்து அண்ணன், யாருக்கும் தெரியாமல் தான் எலுமிச்சை சுற்றிப் போட்டதால்தான் எஞ்சின் ஓடுகிறது என்று எங்கள் தாமான் குடியிருப்பு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார். இருக்கட்டும்.

19.10.1998, திங்கள்

தீபாவளி. பிள்ளைகளோடு எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். கெடு முடிந்தது. மத்தியானம் மீன் வாசப்படியைத் தாண்டியது.

1.11.1998, ஞாயிறு

இன்றைக்கு நான் பாசிர் கூடாங்கில் வேலைக்குச் சேர்ந்திருக்கவேண்டிய நாள்.

காலையில் நாலு பேருக்குப் பயணம். சக்கரம் வைத்த நீலப் பையில் இப்போது ஸ்பேனர்களும், மழைச்சட்டையும், மாற்று பிளக்கும், அந்தச் சிவப்புக் கயிறும் இருக்கின்றன. ஜிப்பு நன்றாக வேலை செய்கிறது.

பின்வாசலில் தொட்டியைத் தூக்கினேன். பக்கவாட்டில் பொட்டு இல்லை. சொன்ன பேச்சைக் கேட்கவில்லையே என்று மூடியைப் பார்த்தேன். மூடியின் விளிம்பைச் சுற்றி வட்டமாக, சின்னச் சின்னதாகச் சந்தனப் பொட்டு. ஒவ்வொன்றின் மேலும் குங்குமம். நடுவில் இருக்கும் ஊசித்துளையை ஒன்றுகூடத் தொடவில்லை. அதைச் சுற்றி ஈரத்துணியால் துடைத்துச் சுத்தமாக விட்டிருந்தாள்.

துளையைப் பற்றி நான் அவளிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

உள்ளே அடுப்பங்கரையில் அவள் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. "போய்ட்டு வரேன்," என்றேன். "எஞ்சின் கயிறக் கையில மாட்டிக்குங்க," என்று பதில் வந்தது.